முதுகுக்கும் ரோட்டுக்கும் நடுவே

கடைக்கு வருகிறவர்கள் முதலில் பெருவிரலால் சீட்டை அமுக்கிப் பார்ப்பார்கள். விரல் உள்ளே இறங்கினால் முகம் மலர்ந்துவிடும். "இதே மாதிரி மெத்துன்னு போட்டுக் கொடுங்கண்ணா, முதுகு வலி தாங்க முடியல" என்பார்கள். பதினைந்து வயதில் கோணி ஊசி பிடித்தவன் நான். நாற்பது வருஷத்துக்கு மேலாக மோட்டார் சைக்கிள் சீட் தைக்கிறேன். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த பாய் முதல் வாரத்திலேயே அந்தப் பெருவிரலைப் பற்றி எச்சரித்துவிட்டார். "விரலா வண்டி ஓட்டப் போகுது? ஆளை உட்காரச் சொல்லு. ஒரு டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் உட்காரட்டும். அப்புறம் கேளு, எங்கே குத்துதுன்னு."

1982-ல் நான் சேர்ந்தபோது பாயின் கடை திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு ஆள் கை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும் அகலத்தில் இருந்தது. ஊரே கம்பெனி ஊர். 1946-ல் பொம்மை பலூன் செய்யும் சின்னக் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். இங்கேதான் வளர்ந்தது. வடக்கே எண்ணூரில் அசோக் லேலண்ட். நடுவில், 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து ஆரம்பித்த என்ஃபீல்டு இந்தியா, புல்லட் மோட்டார் சைக்கிளின் ஆலை. புல்லட் செய்கிற கையும் புல்லட் ஓட்டுகிற இடுப்பும் எங்கள் தெருவிலேயே இருந்தன. அந்த இடுப்புகள் பேசித்தான் நான் தொழில் கற்றேன்.

அப்போது கடைக்கு வந்த பழைய சீட்டைப் பிரித்தால் உள்ளே ஒரு சரித்திரமே கிடக்கும். அடியில் துருப்பிடித்த இரும்புத் தகடு. அதன் மேல் சுருள் ஸ்பிரிங்குகள், அவற்றை மூடக் கோணிச் சாக்கு, சாக்குக்கு மேல் தேங்காய் நார், நாருக்கு மேல் ஒரு கை அளவு பஞ்சு, எல்லாவற்றுக்கும் மேல் ரெக்சின். ரெக்சின் என்பது இங்கிலாந்தில் ஒரு கம்பெனியின் வியாபாரப் பெயர். நம் ஊரில் அது துணியின் பெயராகவே நின்றுவிட்டது. தகட்டின் ஓரத்தில் பல் பல்லாக வெட்டி வைத்திருப்பார்கள். ரெக்சினை இழுத்து அந்தப் பல்லில் மாட்டி மடக்க வேண்டும். விரல் நுனி கிழியாத நாள் கிடையாது. பின்னால் ஃபோம் வந்தது. ரப்பர் பாலைக் கடைந்து நுரையாக்கிச் சுடும் முறையை டன்லப் கம்பெனி 1929-லேயே கண்டுபிடித்திருந்தது. ஆனால் எங்கள் கைக்கு அதிகம் வந்தது பாலியூரித்தேன் நுரைதான். 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் கண்ட பொருள் அது. மெத்தை நுரையாக மாறியது 1950-களில்.

ஸ்பிரிங் வைத்த சீட்டைப் பார்த்து, "எதுக்கு பாய் இத்தனை ஸ்பிரிங்?" என்று ஒருநாள் கேட்டேன். "முன்னாடி வண்டிக்குப் பின்னால ஷாக் அப்சார்பர் கிடையாது. எல்லா அடியையும் சீட்டுதான் வாங்கணும்" என்றார். அந்த ஒரு பதில் என்னைப் பழைய வண்டிப் புத்தகங்களைத் தேடி அலைய வைத்தது. பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கிய கையேடுகளும் இங்கிலீஷ் பத்திரிகைகளும் இன்றும் என் பரணில் இருக்கின்றன.

ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிள் என்பது எஞ்சின் வைத்த சைக்கிள். பின் சக்கரத்தை நேரே சட்டத்தில் முடுக்கிவிட்டார்கள். சைக்கிள் சீட்டையே கொஞ்சம் பெரிதாக்கி, தோல் போட்டு, கீழே இரண்டு ஸ்பிரிங் வைத்து, பள்ளத்தின் பொறுப்பை அதன் தலையில் கட்டினார்கள். முன் சக்கரத்துக்குச் சீக்கிரமே ஸ்பிரிங் வந்தது. எண்ணெயால் ஆட்டத்தை அடக்கும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கை 1935-ல் பி.எம்.டபிள்யூ. விற்பனை வண்டியில் போட்டுவிட்டது. பின் சக்கரத்துக்கு மட்டும் மனம் வரவில்லை. பின்பக்கம் ஆடினால் வண்டி வளைவில் நெளியும் என்று பயந்தார்கள். இங்கிலாந்தில் பிலிப் வின்சென்ட் 1928-லிருந்தே பின் சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்து விற்றார், பெரும்பாலானோர் பின்பற்றவில்லை. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான வண்டிகள் ஓடின. பிரிட்டிஷ் ராணுவத்தின் பி.எஸ்.ஏ. எம்20-ஐப் படத்தில் பாருங்கள்: பின் சக்கரம் சட்டத்தோடு இறுக்கியிருக்கும், சீட்டுக்கு அடியில் மட்டும் இரண்டு தடித்த சுருள். அவற்றில் ராணுவச் செய்திகளைக் கொண்டு ஓடியவர்களின் முதுகை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கும். போருக்குச் சில வருஷம் முன்பு வரை அந்த முதுகு வலியின் காரணமே மருத்துவர்களுக்குச் சரியாகப் பிடிபட்டிருக்கவில்லை. எலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவதால்தான் கால் வரை இழுக்கிறது என்று பாஸ்டன் நகரத்து மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் எழுதியது 1934-ல்தான்.

போர் முடிந்ததும் பின் சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைக்க வண்டிக் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு வழி தேடின. டிரையம்ப் சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே ஸ்பிரிங்கை அடைத்தது. நார்ட்டன் கம்பெனிக்காக பெல்ஃபாஸ்ட் ஊரின் ரெக்ஸ் மெக்காண்ட்லெஸ் புதுச் சட்டம் ஒன்று செய்தார். 1950-ல் அதை ஓட்டிப் பார்த்த பந்தய வீரர் ஹெரால்டு டேனியல் இறகு மெத்தையில் போவதுபோல இருக்கிறது என்று சொல்ல, அந்தச் சட்டத்துக்கு இறகு மெத்தை என்றே பெயர் நிலைத்தது. பந்தயத்துக்குச் செய்த சட்டம் அது. வேகத்தைப் பாராட்ட வேண்டிய இடத்தில் அந்த மனிதர் வாயில் மெத்தைதான் வந்தது.

எங்கள் ஊரின் கதைக்கு 1948 முக்கியம். இத்தாலியின் சான் ரெமோவில் ஆறு நாள் கரடுமுரடுப் போட்டி. ரெட்டிச் கம்பெனி தன் புதிய புல்லட்டின் மாதிரிகளை அனுப்பியது. அவற்றின் பின் சக்கரம் ஸ்விங் ஆர்ம் என்னும் ஊஞ்சல் கையில், இருபுறமும் எண்ணெய் ஷாக் அப்சார்பரோடு ஆடியது. இரண்டு புல்லட் வீரர்கள் தங்கப் பதக்கத்தோடு திரும்பினார்கள். பின்பக்கம் ஆடினால் நெளியும் என்ற பயத்துக்கு ஆறு நாள் கல்லும் மண்ணும் பதில் சொல்லிவிட்டன. அடுத்த வருஷம் அந்த வண்டி விற்பனைக்கு வந்தது. 1950-களின் தொடக்கத்தில் இந்திய அரசு எல்லைக் காவலுக்காக நூற்றுக்கணக்கில் புல்லட் கேட்டது, அதிலிருந்து திருவொற்றியூர் தொழிற்சாலை பிறந்தது. 1962-க்குள் எல்லாப் பாகமும் இங்கேயே வார்த்தார்கள். ரெட்டிச் ஆலை மூடிய பிறகும் எங்கள் ஊர் ஆலை ஓடியது. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் கப்பலேறியது.

ஊஞ்சல் கை வந்ததும் சீட்டின் வேலை மாறிவிட்டது. பள்ளத்தை ஷாக் அப்சார்பர் பார்த்துக்கொள்ளும் என்றானபின் சீட்டுக்கு அடியில் தடித்த ஸ்பிரிங் தேவையில்லை. இரண்டு பேர் உட்காரும் நீளச் சீட் பரவியது. தனி ஆளின் வண்டியாக இருந்தது குடும்ப வண்டியானது. எந்தப் புத்தகத்திலும் இதைப் பற்றி விரிவாக நான் படித்ததில்லை. ஆனால் நம் நாட்டில் அந்த நீளச் சீட்டின் பாதிக்கு மேல் சொந்தக்காரர்கள் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்த பெண்கள்தான். என் அம்மா அப்படித்தான் உட்கார்ந்தாள். மடியில் என் தம்பி, ஒரு கையில் கூடை, இன்னொரு கையால் அப்பாவின் தோள். இடுப்பு ஒரு பக்கம் பார்க்கும், முகம் இன்னொரு பக்கம் பார்க்கும். முதுகெலும்பு முறுக்கிய கயிறுபோல இருக்கும். பள்ளம் வருவது ஓட்டுகிறவருக்குத் தெரியும், அவர் உடம்பை இறுக்கிக்கொள்வார். பின்னால் இருப்பவளுக்கு அது தெரியாது.

சட்டம் அவளைக் கொஞ்சம் நினைத்தது. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடியும், கால் வைக்கப் படியும், பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பும் வேண்டும் என்கின்றன. சேலை கார்டு என்று நாம் சொல்வது அதுதான். சீட் எப்படி இருக்க வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை. அதைப் பாய் சொன்னார்: பின்பாதி தட்டையாக, ஓரம் சரியாமல், இரண்டு விரல் அகலம் கூடுதலாக. ஓரத்தைச் சரித்துத் தைத்தால் பார்க்க அழகு, ஒருக்களித்து உட்காருகிறவள் வழிநெடுக வழுக்கிக்கொண்டே இருப்பாள். வழுக்காமலிருக்க இடுப்பை இறுக்குவாள், வீட்டில் இறங்கும்போது பிடித்துக்கொள்ளும். இன்று பின்பாதி மாடிப்படிபோல ஏறி நிற்கும் வண்டிகள் வருகின்றன. முதுகு வலிக்கிற மனைவியோ அம்மாவோ பின்னால் ஏறுவார்களென்றால் அந்த வண்டிப் பக்கமே போகாதீர்கள் என்று நான் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. காசிமேட்டு மீன் வியாபாரிகள் பின்சீட்டைக் கழற்றிவிட்டுக் கூடை கட்டினார்கள். உப்புத் தண்ணீரில் பருத்தி நூல் மூன்று மாதத்தில் இற்றுப்போகும். நைலான் நூலுக்கு நாங்கள் மாறியதே அவர்களால்தான். 1984-ல் இண்ட்-சுசூகி ஏஎக்ஸ் 100, அடுத்த வருஷம் ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100. இரும்புத் தகடு போய் பிளாஸ்டிக் தட்டு, பல்லுக்குப் பதில் ஸ்டேப்ளர், அடுக்கடுக்கான நாருக்குப் பதில் அச்சில் வார்த்த ஒரே துண்டு நுரை. ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதே எல்லார் வாயிலும். அந்த வண்டிகள் செய்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்: எடை குறைந்தது, உதை லேசானது, ஆள் நிமிர்ந்து உட்கார முடிந்தது.

என் முதுகு போனது 2011-ல். சரி செய்ய வந்த ஒரு பழைய கனமான வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினேன். காலால் மிதிக்க வேண்டியதை அவசரத்தில் குனிந்து கையால் இழுத்தேன். சுளீரென்று இடுப்பில் ஒன்று. வலது கால் பெருவிரல் வரை மின்சாரம்போல ஓடியது. ஸ்கேனில் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கியிருந்தது. ஆறு வாரம் தரையில் உட்காரக் கூடாது என்றார்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்து தைப்பதே என் வாழ்க்கை.

அந்த மருத்துவர் பொறுமைசாலி. என் தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு காகிதத்தில் வரைந்து விளக்கினார். ஸ்வீடனில் ஆல்ஃப் நாச்செம்சன் என்பவர் 1960-களில் உயிருள்ள மனிதரின் ஜவ்வுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தாராம். நிற்பதைவிட உட்கார்ந்தால் அழுத்தம் சுமார் 40 சதவீதம் கூடுகிறது என்றார் நாச்செம்சன். பல காலம் உட்காருவதே குற்றம் என்று நோயாளிகளுக்குச் சொல்லப்பட்டது. 1999-ல் ஜெர்மனியின் உல்ம் நகரத்தில் வில்கேயும் அவர் குழுவினரும் ஒருவரின் ஜவ்வில் உணர்கருவியை வைத்து மறுபடி அளந்தார்கள். நிற்கும்போது 0.50 மெகாபாஸ்கல், தளர்வாக உட்கார்ந்தால் 0.46. அதே ஆள் உட்கார்ந்தபடி நன்றாக முன்னால் குனிந்தால் 0.83. இந்த எண்ணை நான் என் கணக்குக்கு மாற்றிப் பார்த்தேன். நம் டயருக்குக் காற்று முப்பது சொச்சம் அடிக்கிறோம். அதே அளவில் நிற்கிற மனிதனின் ஜவ்வுக்குள் 70-க்கு மேல்; குனிந்து உட்கார்ந்தால் 120. அன்றிலிருந்து வண்டி கேட்டு வருகிறவர்களின் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பு ஹேண்டில்பாரைப் பார்க்கிறேன்.

உட்காரும்போது உடம்பு மூன்று இடத்தில் வண்டியைத் தொடுகிறது: கை, இடுப்பு, கால். கை எட்டாமல் குனிந்தால் ஜவ்வு கஷ்டப்படும். ஹேண்டில்பாருக்கு உயரம் கொடுக்கும் துண்டு போடலாம். நீளமான கேபிள் வேண்டுமா என்று மெக்கானிக் பார்த்துச் சொல்வார். காலைப் பற்றித்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கால் முன்னால் நீட்டிச் சாய்ந்து உட்காரும் குரூஸர் வண்டியைப் பார்த்தால் வீட்டு நாற்காலிபோலத் தோன்றும். ஆனால் காலில் ஊன்றி எழ முடியாது. உடம்பின் எடை முழுக்க வால் எலும்பில். ஸ்பீட் பிரேக்கரின் அடி நேராக இடுப்பில் ஏறும். கால் படி இடுப்புக்குக் கீழே இருந்தால் பள்ளம் வரும்போது ஒரு அங்குலம் எழுந்துகொள்ளலாம். கரடுமுரடுப் போட்டிக்காரர்கள் நின்றுகொண்டே ஓட்டுவது அதற்குத்தான். முழங்காலைவிட நல்ல ஷாக் அப்சார்பரை எந்தக் கம்பெனியும் இன்னும் செய்யவில்லை.

மெத்து மெத்துச் சீட் ஏன் ஆகாது என்பதற்கும் காரணம் உண்டு. உட்கார்ந்த மனித உடம்பு மேலும் கீழுமாக ஆடும்போது நொடிக்கு 4 முதல் 6 தடவை என்ற வேகத்தில்தான் மிக அதிகமாகக் குலுங்குகிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் உயரே போகுமே, அதுபோல. மெத்தென்ற நுரையும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஆடுகிறது, ஆகவே குலுக்கலைக் குறைப்பதற்குப் பதில் கூட்டிவிடுகிறது. எஞ்சினின் சின்ன நடுக்கத்தை நுரை வாங்கிக்கொள்ளும். நிமிஷத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 50 நடுக்கம், அதற்கு நுரை நல்ல மருந்து. பள்ளத்தின் பெரிய ஆட்டத்துக்கு நுரையால் ஒன்றும் ஆகாது. அரை மணி கழித்து இளக்கமான நுரை அமுங்கிப்போய் உட்காரும் எலும்பு இரண்டும் தட்டில் முட்டும். அடி தட்டுது என்று நாங்கள் சொல்வோம். அதனால் கெட்டியான நுரை கீழே, விரல் தடிமனுக்கு இளக்கமானது மேலே, அகலம் இடுப்புக்குத் தக்கபடி. பாய் நாரை இறுக்கிப் பரப்பி மேலே ஒரு கை பஞ்சு வைத்ததும் இதே கணக்குதான்.

பள்ளத்தின் பொறுப்பு பின்பக்க ஷாக் அப்சார்பருடையது. அதன் அடியில் படிப்படியாகத் திருப்பும் வளையம் ஒன்று உண்டு. முன்பு இரண்டு பேரையும் மூட்டையையும் ஏற்றியவன் அதை இறுக்கி வைத்திருப்பான். தனியாக அலுவலகம் போகிறவர் அந்த இறுக்கத்திலேயே பத்து வருஷம் ஓட்டுவார். என்னிடம் சீட் மாற்ற வந்த எத்தனையோ பேருக்கு நான் ஊசியே எடுக்கவில்லை. வளையத்தைக் கொக்கிச் சாவியால் இரண்டு படி தளர்த்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, ஓட்டிவிட்டு வரச் சொன்னேன். பாதிப் பேர் சீட் வேண்டாம் என்று போய்விட்டார்கள்.

இரண்டு ஷாக் அப்சார்பருக்குப் பதில் நடுவில் ஒன்றே ஒன்று வைக்கும் யோசனை பெல்ஜியத்தின் லூசியன் டில்கன்ஸ் என்ற பொறியாளருடையது. யமஹா அதை வாங்கி 1970-களில் மண் பந்தயங்களில் வென்றது. நம் ஊர்ச் சாலைக்குப் பரவலாக வந்தது 2008 வாக்கில்தான். 2016-ல் எங்கள் ஊர்ப் புல்லட் கம்பெனி கொண்டுவந்த ஹிமாலயனின் முன்பக்கம் 200 மில்லிமீட்டரும் பின்பக்கம் 180-ம் ஏறி இறங்கும். ஆனால் அதன் சீட் உயரம் 800. இடுப்பு வலிக்காரர் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவதே பெரும்பாடு என்றால் அந்த 200 மில்லிமீட்டரால் என்ன பயன்?

ஸ்கூட்டர் நல்லதா என்று கேட்பார்கள். ஏறுவது சுலபம், நிமிர்ந்து உட்காரலாம், கைனடிக் ஹோண்டா காலத்திலிருந்து பட்டன் அமுக்கினால் கிளம்புகிறது. உதைத்து உதைத்து இடுப்பு ஒடிந்த ஒரு தலைமுறைக்கு அந்தப் பட்டன் பெரிய வரம். ஆனால் பழைய சேத்தக் ஸ்கூட்டரின் சக்கரம் 10 அங்குலம், பழைய புல்லட் சக்கரம் 19. கன்டெய்னர் லாரிகள் உழுது போட்ட எண்ணூர் சாலையில் 19 அங்குலச் சக்கரம் தாண்டிப்போகும் குழியில் 10 அங்குலம் விழுந்து எழும். நல்ல ரோட்டில் கடைக்கும் கோயிலுக்கும் போக ஸ்கூட்டர் போதும். தினமும் துறைமுகச் சாலையில் போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

போன வருஷம் எனக்கே வண்டி வாங்க வேண்டியிருந்தது. என் மனசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய புல்லட்டின் எஞ்சின் 70 மில்லிமீட்டர் அகலம், 90 மில்லிமீட்டர் ஓட்டம். அந்த நீண்ட ஓட்டம்தான் அதன் சத்தம், அதன் நடுக்கமும். 2020-ல் அதே கம்பெனியின் மீட்டியரிலும் அடுத்த வருஷம் கிளாசிக்கிலும் வந்த புது எஞ்சினில் நடுக்கத்தை அடக்கும் எதிர் எடைத் தண்டு இருக்கிறது. கிளாசிக்கில் உட்கார்ந்து டீ குடித்துப் பார்த்தேன். கை தானாக எட்டியது, முதுகு நிமிர்ந்தது, எதுவும் குத்தவில்லை. பிறகு இறங்கி, எங்கள் சந்தில் தள்ளுவதுபோல ஷோரூம் வாசலில் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். 195 கிலோ. எங்கள் சந்து நான்கடி அகலம். மழை நாளில் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும். தினமும் இரண்டு தடவை அதில் வண்டியைத் தள்ள வேண்டும். இரண்டாவது தள்ளலிலேயே வலது காலில் அந்தப் பழைய மின்சாரம் ஓடியது.

எஞ்சின் சத்தத்தைக் கேட்டே வருஷம் சொல்லக்கூடிய ஊரில் வளர்ந்தவன், அந்த வண்டியை விட்டுவிட்டு ஒரு 125 சிசி வண்டி வாங்கினேன். எடை 120 கிலோவுக்குள். 18 அங்குலச் சக்கரம், நீளமான தட்டைச் சீட், இடுப்புக்குக் கீழே கால் படி. வாங்கிய ஞாயிற்றுக்கிழமையே சீட்டைக் கழற்றி நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துப் பிரித்தேன். நுரையின் முன்பகுதி தொடையில் அழுத்தியது, கத்தியால் கொஞ்சம் சீவினேன். எனக்கு உட்காரும் இடத்தில் கெட்டி நுரை ஒட்டினேன். பின்பாதியில் ஓரத்தை நேராக்கி இரண்டு விரல் கூட்டினேன்.

மனைவியை ஏற்றிக்கொண்டு பழவேற்காடு வரை போனோம். அவள் இப்போது இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருகிறாள், பிள்ளைகள் பழக்கிவிட்டார்கள். அத்திப்பட்டு தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். வழக்கமாக இறங்கியதும் இடுப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பாள். அன்று நேரே கடைக்குள் போய் பெஞ்சில் இடம் பிடித்து, "உங்களுக்குச் சர்க்கரை கம்மியாத்தானே?" என்று கேட்டாள்.